கார் பெயின்டிங்குக்கு கம்ப்ரசர் வாங்கப் போகிறீர்களா? பெங்களூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிங்கராஜபுரம் பக்கம் எங்களுக்கு ஒரு டிங்கரிங், பெயின்டிங் ஷெட் இருக்கிறது. ஸ்ரீராமபுரம், அல்சூர், ஓசூர் ரோடு என்று நம் ஆட்கள் புதிதாக ஷெட் போடும்போது பாதிப் பேர் போன் செய்து கேட்பது கம்ப்ரசரைப் பற்றித்தான். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அண்ணா, 2 ஹெச்பி போதுமா, 3 ஹெச்பி எடுக்கணுமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். ஆனால் இதை முதலில் கேட்கக் கூடாது. ஹெச்பி என்பது மோட்டாரின் பலம். காரில் பெயின்ட்டை அடிப்பது மோட்டார் இல்லை, காற்று. ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு காற்று வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர்கள் அதை சிஎஃப்எம் என்பார்கள், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை கன அடி. 1 சிஎஃப்எம் என்றால் 28.3 லிட்டர்.

நான் ஷெட் ஆரம்பித்தபோது கையிலிருந்த காசுக்கு ஒரு 1 ஹெச்பி மெஷின் வாங்கினேன். முதல் பெரிய வேலை, வெள்ளி நிற மெட்டாலிக் பானட். இடது ஓரத்தில் ஆரம்பித்தபோது நன்றாகத்தான் விழுந்தது. நடுவுக்கு வரும்போது கன்னின் (பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே கன்) சத்தம் மாறியது. 'ஸ்ஸ்' என்று சீராக இருந்தது கொஞ்சம் கரகரத்தது. பிரஷர் கேஜைப் பார்த்தால் 2 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு) இருந்த முள் 1.3-க்கு இறங்கியிருக்கிறது. காய்ந்த பிறகு வெயிலில் தள்ளி நிறுத்திப் பார்த்தோம். இடது பக்கம் வெளிறி, நடுவில் கருத்து, பானட் முழுக்கப் பட்டை பட்டையாக மேகம் போட்டிருந்தது. பிரஷர் குறைந்தால் துளி பெரிதாகி ஈரமாக விழும். மெட்டாலிக் பொடி உள்ளே அமிழ்ந்துவிடும், நிறம் கருக்கும். மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடித்தோம். மிச்சம் பிடித்த காசுக்கு மேல் அந்த ஒரே பானட்டில் போய்விட்டது.

அதனால் முதலில் கன். அப்புறம் கம்ப்ரசர்.

சரி, என் கன் எவ்வளவு காற்று குடிக்கும்? எங்கே பார்ப்பது?

கன்னோடு வரும் காகிதத்தில் 'ஏர் கன்சம்ப்ஷன்' என்று போட்டிருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால் மாடல் பெயரை வைத்துத் தேடலாம். பொதுவாக ஹெச்விஎல்பி (நிறையக் காற்று, குறைந்த பிரஷர்) வகை கன் நிமிஷத்துக்கு 280 முதல் 430 லிட்டர் வரை, அதாவது 10 முதல் 15 சிஎஃப்எம் கேட்கும். எல்விஎல்பி (குறைந்த காற்று, குறைந்த பிரஷர்) என்று விற்பவை அதில் பாதியைச் சுற்றி நிற்கும். இரண்டுக்கும் நடுவில் 200 முதல் 300 லிட்டருக்குள் வேலை செய்யும் நல்ல கன்களும் உண்டு. டச்சப்புக்கான (சின்ன இடங்களை மட்டும் திருத்தி அடிப்பது) சின்ன கன் இவை எல்லாவற்றையும் விடக் குறைவு.

நிறைய பேர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பட்டி பார்த்துத் தேய்ப்பதற்குக் காற்றில் ஓடும் டிஏ சாண்டர் வாங்குவீர்கள். கன்னாவது விட்டு விட்டுக் குடிக்கும், சாண்டர் நிறுத்தாமல் குடிக்கும். பல சாண்டர்கள் ஹெச்விஎல்பி கன்னுக்குச் சமமாகவோ அதற்கு மேலோ கேட்கும். கன்னுக்குக் கணக்குப் போட்டு கம்ப்ரசர் வாங்கிவிட்டு சாண்டரை மாட்டினால் மெஷின் நிற்காமல் ஓடிக் கொதிக்கும். சின்ன ஷெட்டுக்கு கரன்டில் ஓடும் சாண்டரே மேல்.

கம்ப்ரசர் பிளேட்டில் 15 சிஎஃப்எம் என்று போட்டிருக்கிறது. என் கன் 12. தாராளம்தானே?

தாராளம் இல்லை. பிளேட்டில் இருப்பது பெரும்பாலும் பிஸ்டன் டிஸ்பிளேஸ்மென்ட். சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு இடத்தை அளக்கிறது என்ற கணக்கு மட்டும் அது. வெளியே வந்து சேரும் காற்று அதில் சுமார் 65 முதல் 75 சதவீதம்தான். அதை 'ஃப்ரீ ஏர் டெலிவரி', சுருக்கமாக எஃப்ஏடி என்பார்கள். கடையில் அந்த எண்ணைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சிலிண்டர் குறுக்களவு 70 மி.மீ., பிஸ்டன் நடை 60 மி.மீ., சிலிண்டர் இரண்டு, ஹெட் (பிஸ்டன் ஓடும் பம்ப் பகுதி) நிமிஷத்துக்கு 900 சுற்று. ஒரு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு 0.23 லிட்டர். இரண்டுக்கும் 0.46. தொள்ளாயிரத்தால் பெருக்கினால் சுமார் 415 லிட்டர், 14.7 சிஎஃப்எம். பிளேட்டில் இதைத்தான் '15' என்று அடித்திருப்பார்கள். இதில் எழுபது சதவீதம் எடுத்தால் 290 லிட்டர், ஏறக்குறைய 10 சிஎஃப்எம். உங்கள் கன்னோ 12 கேட்கிறது. ஒரு கதவு அடித்து முடிக்கலாம், ஒரு பக்கம் முழுக்க அடிக்க முடியாது.

நான் பின்பற்றும் அளவு இது: கன் கேட்பதைப் போல 1.3 மடங்கு எஃப்ஏடி இருக்க வேண்டும். 250 லிட்டர் கன்னுக்கு 325. 350 லிட்டர் கன்னுக்கு 455. பிஸ்டன் கம்ப்ரசரில் 1 ஹெச்பிக்கு 3 முதல் 4 சிஎஃப்எம் வரும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் முதல் கன்னுக்கு 3 ஹெச்பி, இரண்டாவதற்கு 5 ஹெச்பி.

கடைக்காரருக்கே எஃப்ஏடி தெரியவில்லை. நானே அளக்க முடியுமா?

முடியும். போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். கன் பக்க வால்வை மூடுங்கள். மெஷினை ஓடவிட்டு, கேஜ் முள் 4 பாரைத் தொடும்போது வாட்சை அழுத்துங்கள், 8 பாரைத் தொடும்போது நிறுத்துங்கள். டேங்க் லிட்டரை ஏறிய பாரால் பெருக்கி, நிமிஷத்தால் வகுத்தால் விடை. 200 லிட்டர் டேங்க் 4 பார் ஏற 2 நிமிஷம் 40 விநாடி எடுத்தால், 800 லிட்டரை 2.67-ஆல் வகுக்க, நிமிஷத்துக்கு 300 லிட்டர். டேங்க் சூடாக இருக்கும்போது எண் கொஞ்சம் கூடக் காட்டும், அதையும் மனதில் வையுங்கள்.

எஸ்.பி. ரோட்டில் கடை வாசலிலேயே நின்று இதைச் செய்து பார்த்திருக்கிறேன். நல்ல கடைக்காரர் பிளக்கை மாட்டிக் கொடுத்துவிடுவார். கன்னடமோ தமிழோ இந்தியோ, 'அண்ணா, ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க' என்று கேட்பதில் தப்பே இல்லை. ஓட்டிக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் நான் வாங்க மாட்டேன்.

பெங்களூரு உயரத்தில் இருப்பதால் ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் தொண்ணூறு சதவீதம்தான். பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் அதே அளவு இடத்தைத்தான் நிரப்புகிறது, ஆனால் உள்ளே வரும் காற்று மெலிந்த காற்று. அதனால் சென்னையில் 300 லிட்டர் கொடுத்த மெஷின் இங்கே 270-ஐ ஒட்டித்தான் கொடுக்கும். சென்னையில் மச்சான் ஷெட்டில் பிரமாதமாக ஓடிய மாடலை அப்படியே இங்கே வாங்கிவிட்டு 'மெஷின் டூப்ளிகேட்டோ' என்று சந்தேகப்பட்டவரைப் பார்த்திருக்கிறேன். மெஷினில் குறை இல்லை.

மேலே சொன்ன ஸ்டாப்வாட்ச் கணக்கை பெங்களூரிலேயே போட்டால் இந்தக் கழிவு அதற்குள்ளேயே வந்துவிடும், தனியாகக் கழிக்க வேண்டாம். காகிதத்தில் இருக்கும் எண்ணை நம்பி வாங்கினால் மட்டும் பத்தில் ஒரு பங்கு கழித்துக்கொள்ளுங்கள். மோட்டாரைப் பற்றிக் கவலை வேண்டாம், சாதாரண மோட்டார்கள் 1000 மீட்டர் உயரம் வரைக்கும் கணக்கிட்டே செய்யப்படுகின்றன.

சின்ன மோட்டார், பெரிய டேங்க் வாங்கினால் சமாளிக்கலாமா?

கொஞ்ச நேரத்துக்கு. டேங்க் என்பது வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி. போர் தண்ணீர் வரும் வேகத்தைத் தொட்டி கூட்டாது. 100 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 4 பாருக்கு இறங்கும்போது 400 லிட்டர் காற்று தரும். கன் 350 கேட்க, மெஷின் 150 தர, நிமிஷத்துக்கு 200 பற்றாக்குறை. இரண்டே நிமிஷம். ஒரு பம்பர், ஒரு ஃபென்டர் அடிக்க அது போதும். முழு காருக்கு கிளியர் (நிறத்துக்கு மேல் போடும் பளபளப்புப் பூச்சு) அடிக்கும்போது பாதியில் நின்று டேங்க் ஏறும் வரை காத்திருந்தால், அடித்த ஓரம் காய்ந்து கோடு விழும்.

முழு கார் அடிப்பவர்கள் 150 முதல் 250 லிட்டர் டேங்க் எடுங்கள். பெரிய டேங்கில் இன்னொரு நன்மையும் உண்டு: காற்று உள்ளே கொஞ்ச நேரம் தங்கி ஆறுகிறது, தண்ணீர் அங்கேயே பிரிகிறது.

8 பார் மெஷினா, 12 பார் மெஷினா?

பெயின்டிங்குக்கு மட்டும் என்றால் 8 பார், ஒரே ஸ்டேஜ் (காற்றை ஒரே தடவையில் அமுக்குவது) போதும். கன்னுக்குள் நுழைவது 2 பார்தான். பஞ்சர் வேலையும் லாரி டயரும் சேர்ந்து வரும் என்றால் இரண்டு ஸ்டேஜ் 12 பார் எடுக்கலாம்.

டைரக்ட் கப்ளிங்கா, பெல்ட்டா? ஆயில்-ஃப்ரீ என்கிறார்களே?

பெல்ட். ஷெட் நடத்துபவருக்கு வேறு பதிலே இல்லை. டைரக்ட் மெஷினில் ஹெட் மோட்டார் வேகத்திலேயே, நிமிஷத்துக்கு 2800 சுற்றை ஒட்டி ஓடும். சத்தம் அதிகம், சூடு அதிகம், கொஞ்ச நேரம் ஓடினால் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். பெல்ட் மெஷினில் பெரிய காஸ்ட் அயர்ன் ஹெட் நிதானமாகச் சுற்றும். காற்றும் ஆறி வரும், தண்ணீர்த் தொல்லையும் குறையும்.

ஆயில்-ஃப்ரீ நல்ல யோசனைதான். பெயின்டில் எண்ணெய் விழும் பயம் இல்லை, சத்தமும் குறைவு. ஆனால் சின்ன அளவில் வருபவற்றின் காற்று முழு காருக்குப் போதாது. டச்சப் மட்டும் செய்பவர் தயங்காமல் வாங்கலாம்.

பிராண்ட் எது என்று கேட்பவர்களுக்கு: வால்வு பிளேட், ரிங் செட், கேஸ்கெட் எது உங்கள் ஏரியாவில் அன்றைக்கே கிடைக்கிறதோ அதை எடுங்கள். கோயம்புத்தூரில் 1960 முதல் இயங்கும் எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் போன்ற பழைய கம்பெனி மெஷின்களைப் பெரும்பாலான மெக்கானிக்குகள் கழற்றிப் பூட்டிப் பழகியிருப்பார்கள். கார் பாதியில் நிற்கும்போது அந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும்.

வீட்டு கார் ஷெட்டில் சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

சிங்கிள் ஃபேஸில் 3 ஹெச்பி வரை போகலாம், அதற்கு மேல் போகாதீர்கள். 2 ஹெச்பி ஓடும்போது 10 ஆம்பியரை ஒட்டி இழுக்கும், 3 ஹெச்பி 15, 16. ஸ்டார்ட் ஆகும் நொடியில் இதைப் போல ஐந்தாறு மடங்கு. அதனால் 3 ஹெச்பியைச் சுவர் பிளக்கில் மாட்டக் கூடாது. தனி லைன், தனி எம்சிபி, 4 சதுர மி.மீ. காப்பர் வயர். மெஷின் நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரில் ஓடினால் வோல்டேஜ் குறைந்து மோட்டார் முனகும், கெப்பாசிட்டர் போகும். வயரை நீட்டுவதை விடக் காற்றுக் குழாயை நீட்டுவது எவ்வளவோ மேல்.

மெஷின் நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். ஹெட்டில் மீந்த காற்றை வெளியே விடும் சத்தம் அது. அது வராவிட்டால் அடுத்த தடவை மோட்டார் பாரத்தோடு கிளம்ப வேண்டியிருக்கும், எரிந்துவிடும். வாங்கும்போதே காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

5 ஹெச்பி என்றால் த்ரீ ஃபேஸ். பெஸ்காமில் (நம் ஊர் மின்சார கம்பெனி) லோடு ஏற்றி வாங்க வேண்டும், தொழில் என்றால் கனெக்‌ஷன் வகையும் மாற வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் என் யோசனை: கம்ப்ரசரைப் பெரிதாக்காதீர்கள், கன்னை மாற்றுங்கள். குறைந்த காற்றில் நன்றாகப் பொடியாக்கும் 250 லிட்டர் கன் ஒன்றும், 3 ஹெச்பி பெல்ட் மெஷினும் சேர்ந்தால் முழு கார் தைரியமாக அடிக்கலாம். எங்கள் ஷெட்டில் பல வருஷம் அப்படித்தான் ஓடியது.

பெயின்டில் கொப்புளம், சின்னச் சின்னப் பள்ளம் வருகிறது. கம்ப்ரசர் காரணமா?

பெரும்பாலும் காற்றில் வரும் தண்ணீரும் எண்ணெயும்தான். இதை விவரமாகச் சொல்கிறேன், பாதி வேலை கெடுவது இதனால்தான்.

ஒரு செப்டம்பர் மழையில் ஒரு கருப்பு காரின் கூரை அடித்தோம். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. பத்து நாள் கழித்து கஸ்டமர் வண்டியைக் கொண்டுவந்தார். விரலால் தடவினால் மணல் மாதிரி நெருடுகிறது. ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்தினேன், உள்ளே ஒரு சொட்டு ஈரம். என் தப்பு. காலையில் டேங்கைத் திறந்து தண்ணீர் விடவில்லை.

25 டிகிரி, எண்பது சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள், நம் ஊர் மழைக்காலத்தில் சாதாரணம். நிமிஷத்துக்கு 300 லிட்டர் இழுக்கும் மெஷின் ஒரு மணி நேரத்தில் 18 கன மீட்டர் காற்றை உள்ளே எடுக்கிறது. அதில் சுமார் 330 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். 8 பாருக்கு அமுக்கி 30 டிகிரிக்கு ஆறவிட்டால் அந்தக் காற்றால் சுமார் 60 கிராமைத்தான் தாங்க முடியும். மிச்சம் கால் லிட்டருக்கு மேல், ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், எங்கேயாவது சொட்டாக விழுந்தே ஆக வேண்டும். அது டேங்கில் விழ வேண்டுமா, பானட்டில் விழ வேண்டுமா என்பதை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

பலர் ஃபில்டரைக் கம்ப்ரசர் வாயிலேயே மாட்டுகிறார்கள். அங்கே காற்று சூடாக இருக்கிறது, தண்ணீர் ஆவியாகவே ஃபில்டரைக் கடந்து போய், ஹோஸில் ஆறி, கன்னில் சொட்டும். ஃபில்டர் கம்ப்ரசரிலிருந்து 25 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். நடுவில் முக்கால் அங்குல ஜிஐ பைப் ஓடட்டும். பைப் கம்ப்ரசர் பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் தண்ணீர் டேங்குக்கே திரும்பும். கீழே இறங்கும் கிளையை மெயின் பைப்பின் மேல் பக்கத்திலிருந்து வளைத்து எடுங்கள், அடியில் ஓடும் தண்ணீர் அதில் இறங்காது. கிளையின் அடியில் ஒரு டிரெயின் வால்வு. பிளம்பர் மலிவு என்று பிவிசி பைப் போடச் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். காற்று அழுத்தத்தில் அது வெடித்தால் சில்லு சில்லாகப் பறக்கும்.

காற்று சுத்தமாக வருகிறதா என்று தெரிய ஒரு எளிய சோதனை: கன்னில் பெயின்ட் இல்லாமல், சுத்தமாகத் துடைத்த கண்ணாடியில் ஒரு நிமிஷம் காற்றை அடியுங்கள். பனி படர்ந்தால் தண்ணீர், வழவழப்பு தெரிந்தால் எண்ணெய், அதாவது ரிங் தேய்ந்திருக்கிறது. மீன் கண் மாதிரி வட்டப் பள்ளம் விழுந்தால் எண்ணெயையோ சிலிகானையோ சந்தேகப்படுங்கள். டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷ் பக்கத்து வண்டியில் அடித்தாலே போதும், உங்கள் பானட்டில் கண் விழும்.

கேஜில் 8 பார் காட்டுகிறது, கன் மட்டும் சோர்ந்து போகிறது. ஏன்?

ஹோஸைப் பாருங்கள். மெல்லிய 6 மி.மீ. ஹோஸ், வழியில் இரண்டு மூன்று மலிவான கப்ளர் என்றால் பாதி பிரஷர் அங்கேயே போய்விடும். உள் அளவு 10 மி.மீ. ஹோஸ் போடுங்கள், 10 மீட்டருக்கு மேல் வேண்டாம். கன்னின் அடியில் ஒரு சின்ன கேஜ் மாட்டி, டிரிகரை அழுத்தியபடியே படியுங்கள். டிரிகரை விட்டுவிட்டுப் பார்க்கும் எண்ணால் பயன் இல்லை.

கலாசிபாளையம் பக்கம் பழைய மெஷின் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஹெட், மோட்டார் பழையதாக இருக்கலாம், சரிசெய்துவிடலாம். டேங்கில்தான் உயிர் இருக்கிறது. அடிப்பக்கம் டிரெயின் பிளக்கைச் சுற்றித் துரு பொருக்காக உதிர்ந்தால், வெல்டிங் ஒட்டு இருந்தால், பெயின்ட் புதிதாக அடித்து மறைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். துருப்பிடித்த டேங்க் 8 பாரில் வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் பிழைப்பது கஷ்டம். பிடித்திருந்தால், தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுக்கும் ஹைட்ரோ டெஸ்ட் செய்த பிறகே காசு கொடுங்கள். சேஃப்டி வால்வை மட்டும் புதிதாக வாங்கிப் போடுங்கள்.

பையன் ஸ்கூட்டர் பேனலும் பம்பரும் மட்டும் அடிப்பான். அவனுக்கு?

2 ஹெச்பி, 50 லிட்டர், சின்ன கன். போதும்.

கம்ப்ரசரை எங்கே வைப்பது?

பெயின்ட் அடிக்கும் அறைக்கு வெளியே. இரண்டு காரணம். தின்னர் புகை நிறைந்த இடத்தில் பிரஷர் ஸ்விட்ச் போடும் ஒரு பொறி போதும், ஷெட் போய்விடும். அப்புறம், பெயின்ட் தூசியை மெஷினே இழுத்து ஃபில்டர், வால்வு எல்லாம் ஒட்டிப்போகும். வெளியே நிழலில், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, மழைத் தண்ணீர் படாமல் வையுங்கள். அடியில் ரப்பர் கட்டை போட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாக இருப்பார்.

அறைக்குள் நிற்கும் உங்களுக்கும் ஒன்று. டூ-கே பெயின்ட், கிளியரில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒரு முறை அது நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் ஆஸ்துமா வாழ்நாள் முழுக்கக் கூட வரும். கைக்குட்டை, துணி மாஸ்க் எதற்கும் ஆகாது. கரி ஃபில்டர் மாஸ்க்கை ஃபில்டர் மாற்றி மாற்றிப் போடுங்கள், அது குறைந்தபட்சம்தான். காற்றைக் குழாயில் கொண்டுவந்து மூச்சுவிடும் மாஸ்க் இன்னும் பாதுகாப்பு. ஆனால் அதை இந்த ஆயில் கம்ப்ரசரில் நேராக மாட்டிவிடக் கூடாது, மூச்சுக்காற்றுக்கென்றே உள்ள ஃபில்டர் செட் வேண்டும்.

தினசரி என்ன கவனிக்க வேண்டும்?

காலையில் மெஷினைப் போடுவதற்கு முன் டேங்க் டிரெயினைத் திறந்து, காற்று மட்டும் வரும்வரை விடுங்கள். மழைக்காலத்தில் மத்தியானமும் ஒரு தடவை. ஆயில் கண்ணாடியில் பாதி வரை இருக்க வேண்டும், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஆயில் ஊற்றாதீர்கள், கம்ப்ரசர் ஆயில் மட்டும். வாரம் ஒரு முறை ஏர் ஃபில்டரைத் தட்டி, பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள், அரை அங்குலம் அமுங்கினால் சரி. மாதம் ஒரு முறை அந்த ஸ்டாப்வாட்ச் கணக்கைப் போட்டு, எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். 2 நிமிஷம் 40 விநாடியில் ஏறிய டேங்க் மூன்றரை நிமிஷம் எடுக்க ஆரம்பித்தால் ரிங்கோ வால்வோ தேய்கிறது. அடுத்த பெரிய வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன் ஹெட்டைக் கழற்றிவிடுங்கள்.